மண்ணில் கசியும் நீரும் மனத்தில் ஊறும் கல்வியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவிற்குப் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பு, ஒழுக்கத்தின் உயர்வு என்று பேசிவிட்டுப் போவது வழக்கம். நான் இன்று தண்ணீர் கசிவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "பெரியவரு கூரை ஒழுகுறதப் பத்திப் பேச வந்துட்டாரா?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்தக் கசிவுக்குள் காப்பியும் இருக்கிறது, கிணறும் இருக்கிறது, ரப்பரும் இருக்கிறது, கணிதமும் இருக்கிறது. என் குடும்பத்தில் நடந்த ஒரு சாவும் இருக்கிறது.

முதலில் நம் மொழியைப் பாருங்கள். சோற்றை வடிக்கிறோம். ஊற்றில் நீர் ஊறுகிறது. சுவரில் ஈரம் கசிகிறது. காய்ந்த மண்ணில் மழை சுவறுகிறது. வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் பொசிகிறது. இத்தனை சொற்களுக்கும் அடியில் இருப்பது ஒரே செய்திதான். பார்வைக்குக் கெட்டியாக இருக்கும் ஒரு பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் சிறு துவாரங்கள் உள்ளன. இன்னொரு பொருள் அவற்றின் வழியே பாதை தேடிக்கொண்டு உள்ளே போகிறது. இதை அறிவியலில் 'பெர்கொலேஷன்' என்கிறார்கள். 'ஊடே வடிதல்' என்பதுதான் அந்த இலத்தீன் சொல்லின் பொருள். நாம் 'ஊடுவடிதல்' என்று வைத்துக்கொள்வோம்.

தினமும் காலையில் நம் வீட்டிலேயே இது நடக்கிறது. காப்பித்தூளில் வெந்நீரை ஊற்றுகிறோம். தூள் மிகவும் பரபரப்பாக இருந்தால் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும், சாறு இறங்காது. மாவுபோல் நுணுக்கி அழுத்தி வைத்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். பிள்ளை பள்ளிக்குப் போகிற நேரம் வந்துவிடும், காப்பி வராது. இடைவெளி அளவாக இருந்தால்தான் தண்ணீர் நின்று, ஊறி, மணத்தை எடுத்துக்கொண்டு கீழே வரும். அவசரம் காட்டினாலும் கெட்டுவிடும். வழியே விடாமல் அடைத்தாலும் கெட்டுவிடும்.

மாணவர்களே, வீட்டிற்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று காலிப் பால் டின்களை எடுத்து, அடியில் ஆணியால் நாலைந்து துளை போடுங்கள். ஒன்றில் மணல், ஒன்றில் தோட்டத்து மண், ஒன்றில் களிமண் என்று முக்கால் அளவு நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றுங்கள். மணலில் உடனே இறங்கும். தோட்டத்து மண்ணில் மெதுவாக இறங்கும். களிமண்ணில் தண்ணீர் குளம்போல் நிற்கும். "களிமண்ணில் ஓட்டையே கிடையாது" என்று நீங்கள் நினைப்பீர்கள். அது தவறு. களிமண்ணுக்குள் இருக்கும் வெற்றிடம் பெரும்பாலும் மணலில் இருப்பதைவிட அதிகம். ஆனால் ஒவ்வொரு துவாரமும் மிக மிக நுண்ணியது. துவாரம் இருந்தால் மட்டும் போதாது. தண்ணீர் போகிற அளவு இருக்க வேண்டும். ஒன்றோடொன்று இணைந்தும் இருக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சோதனையை முறையாகச் செய்து கணக்கெடுத்தவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அளந்து, 1856-ஆம் ஆண்டில் விதியை வெளியிட்டார். மணலின் நீளத்தை இருமடங்காக்கினால் வரும் நீர் பாதியாகும். மேலிருந்து தள்ளும் நீரின் உயரத்தை இருமடங்காக்கினால் வரும் நீரும் இருமடங்காகும். இன்றும் கிணறு தோண்டுகிறவர்களும் அணை கட்டுகிறவர்களும் இந்த விதியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊடுவடிதல் உயிரைக் காக்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும். 1892-இல் ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். ஹாம்பர்க், அல்டோனா என்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு நகரங்கள். இரண்டுக்கும் ஒரே எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். அல்டோனா அந்தத் தண்ணீரை மணற்படுகையில் மெல்ல வடியவிட்டுக் கொடுத்தது. ஹாம்பர்க் வடிகட்டாமல் கொடுத்தது. அந்த ஆண்டு காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஒரே தெருவில் ஒரு பக்கம் சாவு, மறு பக்கம் சுகம். நடுவில் இருந்தது மணல்தான். மணலின் மேல்பரப்பில் நாளடைவில் ஒரு வழவழப்பான உயிர்ப்படலம் உண்டாகிறது. அதுதான் கிருமிகளைப் பிடித்து அழிக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்தது 1854-இல் லண்டன் மாநகரில். பிராட் தெருவில் ஒரு கைப்பம்பு. தண்ணீர் தெளிவாக இருக்கும், சுவையாகவும் இருக்கும் என்று பேர் வாங்கியது. அந்த வட்டாரத்தில் பத்தே நாளில் 500-க்கும் மேற்பட்டோர் காலராவில் இறந்தார்கள். டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்து, பம்பைத்தான் குற்றவாளி என்றார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்தது. அதன் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணியை அலசிய தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றப்பட்டிருந்தது. அங்கிருந்து கசிந்து கிணற்றுக்கு வந்துவிட்டது.

லண்டன் கதை ஏன் நமக்கு என்கிறீர்களா? இனி என் கதைக்கு வருகிறேன்.

1962-ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. எங்கள் தோட்டத்தின் பெயர் வேண்டாம். இன்று அந்த லயமும் இல்லை, அந்த ரப்பர் மரங்களும் இல்லை. எங்கள் லயத்தில் 24 கதவுகள். மேட்டில் வரிசையாகக் கக்கூஸ்கள், பள்ளத்தில் கிணறு. நடுவில் இருபது அடிகூட இருக்காது. மண் நல்ல செம்மண். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். "நம்ம கெணத்துத் தண்ணி மாதிரி எங்க கெடைக்கும்?" என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. லயத்தில் ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். மூன்று வயது நிரம்பாத என் தங்கை பிழைக்கவில்லை. ஆத்தாளுக்குச் செய்த குற்றம் என்றார்கள் சிலர். கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். தண்ணீரை யாரும் சந்தேகப்படவில்லை. தெளிவாகத்தானே இருந்தது!

டவுனிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரும் கூட வந்தார். கக்கூஸ் குழியில் ஒரு சாயத்தூளைக் கரைத்து ஊற்றினார்கள். "தெனமும் கெணத்துத் தண்ணியப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் நாள் தண்ணீர் தெளிவாக இருந்தது. இரண்டாம் நாளும் தெளிவாக இருந்தது. "படிச்சவங்க வந்து என்னாத்தக் கண்டாங்க" என்று சிரித்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை, வெட்டுக்குப் போகுமுன் என் அம்மா வாளியை இழுத்தார். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாய் மின்னியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். "இதத்தானேடா பாப்பாவுக்குக் குடுத்தேன்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அன்று மாலையே கதவு கதவாகப் போனார். "தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க" என்று சொன்னார். "வெறகுக்கு எங்கக்கா போறது?" என்று கேட்டார்கள். "பொழுதெல்லாம் வெட்டிட்டு வந்து தண்ணிய வேற கொதிக்க வெக்கணுமா?" என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கேட்ட வீட்டுக்கு ஒரு கரிக்கோடு என்று எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா போட்டுக்கொண்டே வந்தார். முதல் வாரம் மூன்று கோடு.

கிணற்றை மூடி, வேறு தண்ணீர் கொடுங்கள் என்று கேட்க மூன்று பெண்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். கிராணி திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு ஐந்து பேர் போனார்கள். அவர்களையும் திருப்பி அனுப்பினார். அம்மா விடவில்லை. கரிக்கோடு ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுமுன் பதினேழு பெண்கள் ஆபீசு வாசலில் வந்து நின்றார்கள். கூச்சல் போடவில்லை. சும்மா நின்றார்கள். துரையே வெளியே வந்தார். ஒரே வாரத்தில் கிணறு மூடப்பட்டது. அடுத்த மாதம் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது.

மூன்று பேருக்கும் ஐந்து பேருக்கும் கிடைக்காதது பதினேழு பேருக்கு எப்படிக் கிடைத்தது? "கூட்டம் சேர்ந்தால் பலம்" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இதற்குள் இன்னும் நுட்பமான ஒன்று இருப்பதை நான் பல ஆண்டுகள் கழித்து ஒரு கணிதப் புத்தகத்தில் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இங்கிலாந்தில் பிராட்பென்ட் என்பவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மூச்சுக்கவசத்தைப் பற்றி ஆராய்ந்து வந்தார். கவசத்திற்குள் இருக்கும் கரித்துண்டில் நுண்துவாரங்கள் உண்டு. நச்சுவாயு அந்தத் துவாரங்களின் வழியே கரியின் உட்புறம்வரை போனால்தான் கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாயு உள்ளே போகுமா, மேலோடு நின்றுவிடுமா என்பது கேள்வி. ஹாமர்ஸ்லி என்ற கணித அறிஞரோடு சேர்ந்து இதைக் கணக்காக்கி 1957-இல் வெளியிட்டார். ஊடுவடிதல் கணிதம் அப்படிப் பிறந்தது. தொழிலாளியின் மூச்சிலிருந்து பிறந்த கணிதம் இது.

அந்தக் கணக்கைக் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கட்டம் போட்ட கம்பி வலையை வைத்துச் சொல்கிறேன். வலை மிக மிகப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பித் துண்டும் ஒரு சிறு குழாய். சில குழாய்கள் திறந்திருக்கும், சில அடைத்திருக்கும்; எது எப்படி என்பது குருட்டாம்போக்கு. ஒரு பக்கம் தண்ணீர் விட்டால் மறுபக்கம் வருமா?

100-க்கு 20 திறந்திருந்தால் வராது. 30 ஆனாலும் வராது. 40 ஆனாலும் வராது. 49 ஆனாலும் மறுகோடிக்கு ஒரு சொட்டுகூட வந்து சேராது. 51 ஆகட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழி கிடைத்துவிடும்! சரிபாதிதான் அந்த வலையின் எல்லை. 1980-இல் ஹாரி கெஸ்டன் என்ற கணித அறிஞர் இதை ஐயமற நிறுவினார். கேள்வி பிறந்து 23 ஆண்டுகளுக்குப் பின்! இதே துறையில் உழைத்த ஸ்மிர்னோவ் என்பவருக்கு 2010-இல் கணிதத்தின் உயர்ந்த விருதான பீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

20-லிருந்து 49-க்கு வருகிறவரை ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. உள்ளே சிறு சிறு வழிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டே வந்தன. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியவில்லை. கிணற்றில் சாயம் தெரியாத அந்த இரண்டு நாளும் அது மண்ணுக்குள் நடந்துகொண்டுதான் இருந்தது.

நம் கைபட்ட ரப்பரிலேயே இந்த உண்மை இருக்கிறது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று கண்டார். ரப்பருக்குள் நீண்ட சங்கிலிகள் நூல்கண்டுபோல் தனித்தனியாகக் கிடக்கின்றன. கந்தகம் ஒரு சங்கிலியை மற்றொன்றோடு முடிச்சுப் போடுகிறது. சில முடிச்சுகள் விழுந்தால் சிறு கொத்துகள்தாம் உண்டாகும். முடிச்சுகள் ஓர் எல்லையைத் தாண்டியதும் கொத்துகள் எல்லாம் சேர்ந்து இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை ஒரே வலையாகிவிடும். இப்படிச் சங்கிலிகள் ஒரே வலையாகிற எல்லையை 1941-இல் கணக்கிட்டுக் காட்டியவர் பால் ஃபுளோரி. 1974-இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றவர். நம் தாத்தா பாட்டி விடியலில் வெட்டிய பால், முடிச்சு சேர்ந்துதான் லாரிச் சக்கரமாய் உலகத்தைத் தாங்கியது.

தீமையும் இதே வழியில்தான் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். சம்சு அப்படித்தான் லயத்துக்குள் நுழைந்தது. ஒரு வீடு, இரண்டு வீடு, பிறகு ஊரே. நோயும் அப்படித்தான். தட்டம்மை பரவாமல் தடுக்க 100 பிள்ளைகளில் சுமார் 95 பேருக்குத் தடுப்பூசி இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஊசி போட்ட பிள்ளை நோய்க்கு அடைத்த குழாய். "எம்புள்ள ஒருத்தனுக்குப் போடலன்னா என்னாவாம்?" என்று ஒவ்வொரு வீடும் சொன்னால் வழி திறந்துவிடும். நல்லதற்குத் திறக்க வேண்டும், கெட்டதற்கு அடைக்க வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு வீடும் ஒரு குழாய்தான்.

பெற்றோர்களே, மனிதர்கள் கம்பி வலை அல்லர். சரிபாதி என்ற கணக்கு நம் வாழ்க்கைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எல்லைக்கு முன்னால் நின்றுவிடுகிற தவற்றை நாம் தினமும் செய்கிறோம். "எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குதே" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஐயா. எழுத்து ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று உள்ளே சிறு சிறு குளங்களாய் நிற்கும். அவை இணைகிற நாள் வெளியில் தெரியாது. நாற்பது ஆண்டு ஆசிரியனாக இருந்தவன் சொல்கிறேன்: மூன்றாம் வகுப்புவரை ஒரு வரி வாசிக்கத் தெரியாத பிள்ளை, ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். சனி ஞாயிறில் யாரும் அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பு சொன்னதெல்லாம் அன்றுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது.

அதனால்தான் கேட்கிறேன். "ஒரு நாள்தானே, தம்பியப் பாத்துக்கட்டும்" என்று மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்தாதீர்கள். கல்யாணம், திருவிழா என்று நான்கு நாள் சேர்த்து லீவு போடாதீர்கள். அந்த ஒரு நாள் எந்த இரண்டு குளங்களை இணைத்திருக்குமோ, நமக்குத் தெரியாது. அடியும் திட்டும் களிமண்ணை அழுத்துவதுபோல. துவாரம் இன்னும் சிறிதாகும், தண்ணீர் மேலேயே நிற்கும்.

வள்ளுவர் கல்விக்கு உவமை தேடியபோது மாளிகையைச் சொல்லவில்லை, பொன்னைச் சொல்லவில்லை. மணலில் தோண்டிய கிணற்றைச் சொன்னார். தோண்டும் அளவுக்கு நீர் ஊறும் என்றார். ஊறுவது மணலின் வழியே கசிந்து வருகிற நீர்தான். ஆனால் தோண்டுகிறவன் கை நிறுத்தக் கூடாது. ஈரம் தெரிகிற இடத்திற்கு ஒரு முழம் மேலே நிறுத்தியவனுக்குக் கிடைப்பது வெறும் பள்ளம்தான்.

இன்று பரிசு வாங்குகிற பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். உங்களுக்கு வழி திறந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் இருக்கிறவனுக்கும் ஒரு குழாயைத் திறந்துவிடுங்கள். பரிசு வாங்காத பிள்ளைகளே, உங்களில் யார் இன்று 49-இல் நிற்கிறீர்கள் என்று எனக்கும் தெரியாது, உங்கள் ஆசிரியருக்கும் தெரியாது. அதனால் யாரும் நிறுத்தாதீர்கள். யாரும் யாரையும் விட்டுவிடாதீர்கள்.

என் அம்மா 24 கதவுக்கும் கரிக்கோடு போட்டு முடித்தபோது எனக்குப் பதினோரு வயது. அந்தச் சுவரில் கடைசிக் கோட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு தனியாக இருந்தது. "இது எந்த வீடும்மா?" என்று கேட்டேன். "அது பாப்பாவுக்குடா" என்றார்.